அலறியது கார்பன் மோனாக்சைடு அலாரம், அறையில் இருந்தது ஹைட்ரஜன்: லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு நிகழ்வு ஆய்வு

பினாங்கு, ஜார்ஜ் டவுன், லிட்டில் இந்தியா. இரண்டு மாடிப் பழைய கடைவீடு ஒன்று. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மேலே பலகைத் தரை போட்ட சில அறைகளை வாடகைக்கு விடும் சிறிய விடுதி, இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் என்பதால் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வந்தவர்களால் அறைகள் நிரம்பியிருந்தன. நள்ளிரவு நெருங்கும் நேரம், மாடியில் பின்பக்க அறையில் தூங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தம்பதியை, அவர்கள் எங்கே போனாலும் கையோடு எடுத்துப்போகும் கார்பன் மோனாக்சைடு அலாரம் எழுப்பிவிட்டது. எழுந்து பார்த்தபோது திரையில் நூற்றுச் சொச்சம். வரவேற்பில் இருந்த தங்கச்சி மேலே ஓடி வருவதற்குள் 300 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு.

அந்த வீட்டில் அப்போது எதுவுமே எரிந்துகொண்டிருக்கவில்லை. அதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு. கார்பன் மோனாக்சைடு வர வேண்டுமென்றால் கரி, விறகு, கேஸ், பெட்ரோல் என்று கார்பன் கலந்த ஏதாவது ஒன்று அரைகுறையாக எரிய வேண்டும். சமையலறை பத்து மணிக்கே மூடியாகிவிட்டது, கேஸ் தோங் (சிலிண்டர்) எல்லாவற்றின் வால்வும் திருகி மூடப்பட்டிருந்தது, குளியலறைச் சுடுநீர் முழுக்க மின்சாரத்தில்தான், ஜெனரேட்டர் கிடையாது, கார் நிறுத்தும் இடமும் கிடையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே கார்பன் மோனாக்சைடு இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஸ்டோரில் இருந்த இன்வெர்ட்டர் பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, அமிலத்தில் இருக்கும் தண்ணீரை உடைத்து ஹைட்ரஜனாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அது பலகை இடுக்கு வழியாக மேலே ஏறி, கார்பன் மோனாக்சைடுக்காகச் செய்த சென்சாரை உலுக்கியிருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதை விரிவாக எழுதியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். இதே மாதிரி பேட்டரிகளை இதே மாதிரி மூடின ஸ்டோரில் வைத்திருக்கும் கடைகள் நம் வட்டாரத்தில் நிறைய. அங்கெல்லாம் இப்படி ஒரு அலாரம் கூட இல்லை.

முதலாளி அண்ணனின் சம்மதத்தோடு, கடை அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வாயுக் கசிவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். சில்லுகளில் செப்புக் கம்பி இணைக்கும்போது செம்பு துருப்பிடிக்காமல் இருக்க, நைட்ரஜனில் 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த வாயுவை ஊதுவோம். அதனால் ஹைட்ரஜனோடு அன்றாடம் பழக்கம். அண்ணன் எனக்குத் தூரத்துச் சொந்தம், அந்த இரவில் என்னை அழைத்ததும் அதனால்தான்.

அன்று இரவு

"தம்பி, கேஸ் லீக் மாதிரி அழுகின முட்டை வாடை வருது, ஆனா தோங் எல்லாம் மூடியாச்சு, மேலே வேற ஏதோ மிஷின் கத்துது" என்றார் அண்ணன். எல்லோரையும் எழுப்பி, கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதைக்கும் வெளியே, தெருவுக்கே கொண்டுபோகச் சொன்னேன். 999-க்கு அழைக்கச் சொன்னேன். விளக்குச் சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், கதவு ஜன்னலை மட்டும் திறந்து விடுங்கள் என்றேன்.

வாடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரையும் தப்பான பக்கம் திருப்பியது அதுதான். சமையல் கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் போன்ற ஒரு கந்தகச் சேர்மத்தைத் துளியளவு கலக்கிறார்கள். பேட்டரி மிகையாகச் சூடாகிச் சார்ஜ் ஆகும்போது கந்தக அமிலத்திலிருந்தும் தட்டுகளில் உள்ள சல்ஃபேட்டிலிருந்தும் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். இரண்டுமே கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை, இரண்டும் மூக்குக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அளவு 100 பிபிஎம்மைத் தாண்டினாலோ மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அந்த நிலையில் வாடை நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருப்பதுதான் உயிரை எடுக்கும். இங்கே அவ்வளவு இல்லை, சில பிபிஎம்தான். சரி, வாடை ஒரு பக்கம். அதே பேட்டரியிலிருந்து அதைவிடப் பல நூறு மடங்கு வந்துகொண்டிருந்த ஹைட்ரஜனுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது போம்பா (தீயணைப்பு) வண்டி வந்துவிட்டது. அவர்கள் சமையலறையை முதலில் பார்த்தார்கள், அது சரியான வரிசைதான். அங்கே சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தியிருந்த கேஸ் கசிவு அலாரம் சத்தமே போடாமல் இருந்தது. சமையல் கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, கசிந்தால் தரையோடு தவழும். அதனால் அதன் கருவி கீழே இருக்கும். ஹைட்ரஜனோ காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசு, நேராகக் கூரைக்குப் போகும். கீழே இருக்கும் கருவிக்கு அது எட்டவே எட்டாது. கேஸ் அலாரம் அடிக்கவில்லை, அதனால் கேஸ் இல்லை என்று யாராவது முடிவு கட்டியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

என் கையில் இருந்தது நான்கு வாயுக்களைப் பார்க்கும் சாதாரணக் கருவி: ஆக்ஸிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. அவர்களோடு உள்ளே போனபோது முன்பக்கக் கூடத்தில் கார்பன் மோனாக்சைடு எண் சிறியது. மாடிப்படியை நெருங்க நெருங்க ஏறியது. கருவியை உயர்த்திப் பிடித்தால் இன்னும் ஏறியது, குனிந்தால் இறங்கியது. இதுதான் எனக்குக் கிடைத்த முதல் தடயம். கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்டக் காற்றின் எடைதான், அது இப்படி உயரத்துக்கு உயரம் மாறி நிற்காது. படிக்குக் கீழே ஸ்டோர்க் கதவின் மேல் இடுக்கில் வைத்தபோது கார்பன் மோனாக்சைடு எண் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது, எரியும் வாயுப் பகுதியும் நகர்ந்தது, எரியத் தொடங்கும் அளவில் 20 சதவீதம்.

"அண்ணே, இந்த ஸ்டோர்ல என்ன இருக்கு?"

"இன்வெர்ட்டர் தம்பி. நாலு பேட்டரி."

அந்த நேரத்தில் கடைப் பையன் ஒருவன், நல்ல எண்ணத்தோடுதான், "பேட்டரி சுடுதுண்ணே, கிளிப்பைக் கழட்டிடவா?" என்று உள்ளே போகப் பார்த்தான். தோளைப் பிடித்து நிறுத்தினேன். அந்த இரவில் நடந்திருக்கக்கூடிய மிக மோசமான காரியம் அதுதான். மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறக்கும், அதுவும் சரியாக ஹைட்ரஜன் வெளிவரும் துளைக்குப் பக்கத்திலேயே. ஹைட்ரஜனைப் பற்றவைக்கத் தேவையான ஆற்றல் ஒரு மில்லிஜூலில் ஐம்பதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.02. மீத்தேனுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத, கைக்கு உறைக்காத பொறியே போதும். அறை முழுக்க அளவு குறைவாக இருந்தாலும் பேட்டரி மூடிக்கு உள்ளே அது எப்போதும் வெடிக்கும் கலவையாகத்தான் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் உடையும்போது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எரிவதற்குச் சரியான இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்திலேயே வெளியே வருகின்றன. பேட்டரி வெடித்தால் தீயைவிட முகத்தில் தெறிக்கும் அமிலம்தான் கண்ணைப் பறிக்கும்.

முன்வாசல் பக்கம் இருந்த மெயின் பெட்டியில், வாயு இல்லாத இடத்தில், மொத்த மின்சாரத்தையும் அணைத்தோம். ஸ்டோர்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே காத்திருந்தோம். சார்ஜ் நின்றதும் ஹைட்ரஜன் உடனே நின்றுவிடாது, தட்டுகளில் ஒட்டியிருக்கும் குமிழிகள் இன்னும் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பொறுமை முக்கியம்.

தம்பதியை மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். புகைபிடிக்காதவர்களுக்கு இருக்க வேண்டிய அளவுதான், 2 சதவீதத்துக்கும் கீழே. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்தக் காற்றில் தூங்கியிருக்கிறார்கள், அது நிஜமான கார்பன் மோனாக்சைடாக இருந்திருந்தால் அந்த எண் கட்டாயம் ஏறியிருக்கும். தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை.

சென்சார் உண்மையில் எதைப் பார்க்கிறது

கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் உள்ளே இருப்பது ஒரு சின்ன மின்வேதிக் கலம். பிளாட்டினம் பூசிய முனையில் கார்பன் மோனாக்சைடு வந்து பட்டால் அது ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கார்பன் டை ஆக்சைடாகிறது, அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் ஒரு சிறிய மின்னோட்டமாக ஓடுகின்றன, அந்த மின்னோட்டத்தைத்தான் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அதே பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் வந்து பட்டாலும் ஆக்ஸிஜனேற்றம் நடக்கும், எலக்ட்ரான் விடுபடும், மின்னோட்டம் ஓடும். கருவிக்கு வந்தது யார் என்று தெரியாது, எலக்ட்ரான் வந்தது மட்டும்தான் தெரியும். முன்னால் ஒரு கரி வடிகட்டி வைத்திருப்பார்கள், அது ஹைட்ரஜன் சல்ஃபைடையும் ஆல்கஹால் ஆவியையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் எல்லா மூலக்கூறுகளிலும் மிகச் சிறியதான ஹைட்ரஜனை அது நிறுத்தாது.

எவ்வளவு ஏமாறும் என்பது சென்சாருக்குச் சென்சார் மாறும். பொதுவாக, உள்ளே வந்த ஹைட்ரஜனில் 20 முதல் 60 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு என்று காட்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் தம்பதியின் அறையில் 300 என்று காட்டியபோது உண்மையில் இருந்தது 500-லிருந்து 1,500 பிபிஎம் வரை ஹைட்ரஜன். ஹைட்ரஜன் காற்றில் பற்றத் தொடங்குவது 4 சதவீதத்தில், அதாவது 40,000 பிபிஎம்மில். ஆக மேலே தூங்கினவர்களுக்கு அந்த நிமிடத்தில் தீ அபாயம் இல்லை, விஷமும் இல்லை. ஆனால் கீழே ஸ்டோரில் எரியத் தொடங்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது, இரவு இன்னும் பாதி கூடக் கழியவில்லை.

இதை ஊகமாக விடக் கூடாது என்பதற்காக, அடுத்த நாள், ஹைட்ரஜனால் வரும் பிழையை ஈடுசெய்யும் கூடுதல் மின்முனை உள்ள கார்பன் மோனாக்சைடு கருவியைக் கொண்டு போனேன். கதவைத் திறந்து வைத்து, ஆட்களை வெளியே நிறுத்தி, சார்ஜரை மெயின் பெட்டியிலிருந்து சிறிது நேரம் மட்டும் இயக்கிப் பார்த்தோம். சாதாரணக் கருவி ஏறியது, ஈடுசெய்யும் கருவி சுழியை விட்டு நகரவில்லை. ஹைட்ரஜனுக்கென்றே இருக்கும் கசிவுக் கருவி பேட்டரி மூடிகளின் மேல் கத்தியது. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

அலாரம் பொய் சொன்னது என்று அதன்பின் பலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆபத்தான ஒரு வாயு சேர்கிறது என்று அது சொன்னது சரி, எந்த வாயு என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால், முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், அப்புறம் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கோல்ஃப் வண்டி, ஃபோர்க்லிஃப்ட், படகு, யூபிஎஸ், இன்வெர்ட்டர் எதுவாகவும் இருக்கலாம்.

பேட்டரி ஏன் இப்படிச் செய்தது

2022 ஜூலையில் தீபகற்பத்தில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் மின்சாரம் போனதே, அதற்கு அப்புறம்தான் அண்ணன் இன்வெர்ட்டர் வாங்கினார். தமிழ்நாட்டில் சொந்தக்காரர்கள் வீட்டில் பார்த்த பழக்கம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி, தண்ணீர் ஊற்றும் வகை ஈய-அமிலப் பேட்டரிகள் நான்கு, தொடராக இணைத்து 48 வோல்ட். ஒரு பேட்டரிக்கு உள்ளே ஆறு அறைகள் (செல்கள்), மொத்தம் 24. நிகழ்வு நடந்த அன்று மதியம் தெருவில் ஏதோ வேலைக்காகச் சில மணி நேரம் மின்சாரம் இல்லை, பேட்டரி இறங்கியது, மாலையில் மின்சாரம் வந்ததும் சார்ஜர் முழு வேகத்தில் ஆரம்பித்தது.

சார்ஜர் 57.6 வோல்ட்டுக்கு ஏற்றி அங்கேயே பிடித்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருந்தது. 24 அறைக்கும் பகிர்ந்தால் அறைக்கு 2.40 வோல்ட், அது சரியான அளவு. மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் 54 வோல்ட்டுக்குத் தானாகத் தாழ்ந்து, இரவெல்லாம் சும்மா பராமரிக்கும். ஆனால் மூன்றாவது பேட்டரியில் ஓர் அறை உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தது. தட்டிலிருந்து உதிர்ந்த ஈயச் சேறு அடியில் சேர்ந்து தட்டுகளை இணைத்துவிட்டது. அந்த அறை வோல்ட் எதையும் தாங்காது. ஆக அதே 57.6 வோல்ட் இப்போது 23 அறைகளுக்கு, அறைக்கு 2.50. பத்தில் ஒரு பங்கு வோல்ட்தானே என்று தோன்றும். ஈய-அமில அறையில் 2.4-க்கு மேல் போனால் உள்ளே போகும் மின்சாரம் தட்டைச் சார்ஜ் செய்வதை விட்டுவிட்டுத் தண்ணீரை உடைக்கத்தான் போகிறது. தண்ணீரை உடைக்கும் மின்னோட்டம் இறங்குவதில்லை, இறங்காததால் சார்ஜர் 54-க்குத் தாழவே இல்லை. இதற்கு மேல் வெப்பம். பேட்டரி சூடாக ஆக அது ஏற்கும் வோல்ட்டைக் குறைக்க வேண்டும், டிகிரிக்கு அறைக்கு மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட். அதற்கான வெப்ப சென்சார் கம்பி பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடந்தது, யாரும் மாட்டவில்லை. பினாங்கு வெயிலில் அந்த ஸ்டோர் சாதாரண நாளிலேயே 35 டிகிரியைத் தாண்டும்.

எவ்வளவு ஹைட்ரஜன் என்பதைக் கணக்கிடலாம், இது மைக்கேல் ஃபாரடே 1830-களில் கண்ட விதிதான். ஓர் அறையில் ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் மிகையாக ஓடினால் 0.336 கிராம் தண்ணீர் உடைந்து, 30 டிகிரியில் ஏறக்குறைய 0.46 லிட்டர் ஹைட்ரஜன் வரும். மறுநாள் அளந்தபோது மிகை மின்னோட்டம் 5 ஆம்பியர் பக்கம் இருந்தது. 23 அறை, 5 ஆம்பியர் என்றால் மணிக்கு 53 லிட்டர். ஸ்டோர் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், உயரம் 2.75, ஆக 11,000 லிட்டர் காற்று. வெளியே போக வழியே இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் 1 சதவீதம், எட்டு மணி நேரத்தில் 4 சதவீதம். மாலை ஏழுக்கு ஆரம்பித்தால் விடியற்காலை மூன்று. பிறகு காலை ஐந்தரைக்குச் சமையல் மாஸ்டர் வந்து ஸ்டோர் விளக்கைப் போடுவார். பலகை இடுக்கு வழியாக மேலே கசிந்ததால்தான் ஸ்டோரில் அளவு மெதுவாக ஏறியது, அந்தக் கசிவுதான் மாடியில் அலாரத்தையும் எழுப்பியது.

காற்றுத் துளை இல்லாத வீடா? இல்லை, கட்டினவர்கள் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், ஸ்டோர் சுவரில் கூரையை ஒட்டிப் பழைய காற்றுத் துளை இருந்தது. அதன் ஓடு உடைந்து புறா உள்ளே வந்து கூடு கட்ட, அரிசி மூட்டை மேல் எச்சம் விழுகிறதே என்று யாரோ பிளைவுட் வைத்து அடைத்துவிட்டார்கள். இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் கணக்கு ஒன்று உண்டு. மணிக்கு 53 லிட்டர் ஹைட்ரஜனை 1 சதவீதத்துக்குள் வைத்திருக்க மணிக்கு 5.3 கன மீட்டர் புதுக்காற்று போதும், ஸ்டோரின் பாதிக் காற்று ஒரு மணி நேரத்தில் மாறினால் முடிந்தது. விசிறி கூட வேண்டாம். பேட்டரி வைக்கும் அறைகளுக்கான ஐரோப்பியத் தரக் கணக்குப்படி, கீழே ஒரு துளை மேலே ஒரு துளை, ஒவ்வொன்றும் 150 சதுர சென்டிமீட்டர், அதாவது பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர். ஷார்ட் ஆன அறையும் மாட்டாத கம்பியும் இருந்தும்கூட அந்த இரண்டு துளைகள் திறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

இன்னொரு தடயம் கணக்குப் புத்தகத்தில் கிடந்தது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் வாங்கிய ரசீதுகள். முன்பெல்லாம் எப்போதாவது ஒரு பாட்டில், சமீப மாதங்களில் பாட்டில் பாட்டிலாக. அதே 5 ஆம்பியர் பத்து மணி நேரம் ஓடினால் 386 கிராம் தண்ணீர் குறையும், அந்தக் கால் லிட்டர் அரை லிட்டர் தண்ணீர் 530 லிட்டருக்கும் மேல் ஹைட்ரஜனாக வீட்டுக்குள் போயிருக்கிறது. பேட்டரி தண்ணீர் குடிக்கிறது என்று பையன்கள் சொல்லியிருக்கிறார்கள், அண்ணனும் ஊற்றச் சொல்லியிருக்கிறார். குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் பேட்டரிக்குத் திடீரென்று தண்ணீர் அதிகம் தேவைப்பட்டால் அதுவே அலாரம், ரசீதைப் பார்த்தாலே போதும்.

"ஹைட்ரஜன்னா அந்த பாம்தானே?"

தெருவில் காத்துக்கொண்டிருந்தபோது வரவேற்பில் இருக்கும் தங்கச்சி இதைக் கேட்டாள். ஆறாம் படிவத்தில் வேதியியல் படிக்கிறவள், இரவில் மட்டும் இங்கே வேலை. பக்கத்துக் கடைப் பெரியவர் ஒருவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு நடுங்கிப்போனார், தெருவையே காலி செய்ய வேண்டுமா என்று கேட்டார். நியாயமான பயம்தான், அதனால் நின்று பதில் சொன்னேன்.

பேட்டரியில் வருவது சாதாரண ஹைட்ரஜன், கருவில் ஒரு புரோட்டான் மட்டும். அது காற்றில் எரிந்தால் தண்ணீர் ஆகிறது, அது வேதிவினை, அணுவின் கரு தொடப்படுவதே இல்லை. குண்டில் வேலை செய்பவை இதன் கனமான உறவுகள்: புரோட்டானோடு ஒரு நியூட்ரான் சேர்ந்த டியூட்டீரியம், இரண்டு நியூட்ரான் சேர்ந்த டிரிட்டியம். அவற்றின் கருக்களை இணைக்கக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும், அதற்காகவே முதலில் ஓர் அணுப்பிளவுக் குண்டை வெடிக்க வைக்கிறார்கள். 1952 நவம்பர் 1-இல் பசிபிக்கில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த முதல் பெரிய சோதனையில் எரிபொருள் திரவ டியூட்டீரியம். எந்தப் பேட்டரியும் எந்த நிலையிலும் அந்தப் பக்கம் போகாது என்றேன். பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தங்கச்சி விடவில்லை. "அப்போ டியூட்டீரியம் இந்தத் தண்ணியில இல்லவே இல்லையாண்ணே?" இருக்கிறது. கடல்நீரில் ஏறக்குறைய 6,400 ஹைட்ரஜன் அணுவுக்கு ஒன்று டியூட்டீரியம், குழாய்த் தண்ணீரிலும் பேட்டரித் தண்ணீரிலும் அதை ஒட்டிய அளவுதான். அவளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே இந்த ஸ்டோரில் நடந்ததற்கும் டியூட்டீரியத்தின் வரலாற்றுக்கும் இருக்கும் நெருக்கம் உறைத்தது.

அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்ட் யூரியும் கூட்டாளிகளும் 1931 கடைசியில் டியூட்டீரியத்தைக் கண்டது, திரவ ஹைட்ரஜனை மெல்ல ஆவியாக்கிக் கடைசியில் எஞ்சியதன் ஒளிக்கோடுகளைப் பார்த்து. ஆனால் அதைக் கை நிறையச் சேர்க்க வழி காட்டியது மின்பகுப்புதான். எட்வர்ட் வாஷ்பர்ன், வருடக்கணக்கில் தண்ணீரை உடைத்து ஹைட்ரஜன் செய்துகொண்டிருந்த தொழிற்சாலைத் தொட்டிகளில் எஞ்சிய நீரை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அதில் டியூட்டீரியம் கூடியிருந்தது. மின்சாரம் தண்ணீரை உடைக்கும்போது இலேசான ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வாயுவாகப் போய்விடும், கனமானது பின்தங்கித் தண்ணீரிலேயே தங்கும். யூரியும் வாஷ்பர்னும் 1932-இல் அதை வெளியிட்டார்கள், 1933-இல் கில்பர்ட் லூயிஸ் அதே வழியில் கிட்டத்தட்டத் தூய கன நீரை, அதாவது சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள தண்ணீரை, சேர்த்தார், 1934-இல் யூரிக்கு நோபல். நார்வேயில் வெமோர்க் என்ற இடத்தில் உரத்துக்காக ஹைட்ரஜன் செய்த ஆலை உலகின் முதல் பெரிய கன நீர் ஆலையானதும், இரண்டாம் உலகப் போரில் அதைத் தகர்க்க ஆட்கள் பனியில் ஏறிப் போனதும் இதனால்தான்.

மிகையாகச் சார்ஜ் ஆகும் பேட்டரி என்பது அதே மின்பகுப்புத் தொட்டிதான். அண்ணனின் பேட்டரிகள் மாதக்கணக்கில் தண்ணீரை உடைத்து, மேலே புதுத் தண்ணீர் வாங்கி, மீண்டும் உடைத்திருக்கின்றன. அந்தப் பழைய அமிலத்தை அளந்தால் சாதாரணத் தண்ணீரைவிட டியூட்டீரியம் கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் ஆபத்து எதுவும் இல்லை. கன நீர் கதிர்வீச்சு வீசாது, ஒரு லிட்டர் 1.1 கிலோ எடை, 3.8 டிகிரியிலேயே உறையும், அதன் பனிக்கட்டி சாதாரணத் தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவுதான். கதிர்வீசுவது டிரிட்டியம் மட்டும், 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும், அதன் பீட்டாக் கதிர் தோலைக்கூடத் தாண்டாது, உள்ளே போனால்தான் கவலை. சில நாடுகளில் மின்சாரமே இல்லாமல் ஒளிரும் வெளியேறும் வழிப் பலகைகளில் அதை அடைத்திருப்பார்கள். தங்கச்சி மாடிப்படி மேல் பச்சையாக எரிந்த 'கெலுவார்' (வெளியேறும் வழி) பலகையைத் திரும்பிப் பார்த்தாள். மெயின் அணைத்தும் அது எரிகிறதே என்று அவள் கேட்டது நல்ல கேள்வி. அது எல்இடி, உள்ளே சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரி, டிரிட்டியம் இல்லை.

மாற்றியவை

பிளைவுட்டை எடுத்துவிட்டுப் புறா நுழையாத எஃகு வலை அடித்தாகிவிட்டது, கதவின் அடியிலும் ஒரு துளை. மேல்துளையை வெட்டிப் பெரிதாக்க நினைத்தோம், ஆனால் யுனெஸ்கோ பாரம்பரிய எல்லைக்குள் இருக்கும் வீட்டுச் சுவரை நினைத்தபடி உடைக்க முடியாது. நல்லவேளை, பழைய துளையே தேவையைவிடப் பெரியது. படிக்கட்டின் அடிப்பலகை இடுக்குகளை ஸ்டோர் பக்கமிருந்து அடைத்தோம். இதை மேல்துளை திறந்தபின்தான் செய்ய வேண்டும், முதலில் அடைத்தால் வாயுவை உள்ளேயே பூட்டுவது போலாகும். ஸ்டோர் விளக்குச் சுவிட்சை வெளியே கொண்டுவந்தார் வயர்மேன்.

நான்கு பேட்டரியும் போனது போனதுதான். ஒன்றுதானே கெட்டது, அதை மட்டும் மாற்றலாமே என்று அண்ணன் கேட்டார். பழையதோடு புதிது சேர்த்தால் வோல்ட் மறுபடியும் சமமில்லாமல் பிரியும் என்பதால் வேண்டாம் என்றேன். பழையவற்றை இரும்புக் கடைக்கு எடைக்குப் போடவும் விடவில்லை. மலேசியாவில் ஈய-அமிலப் பேட்டரி எஸ்டபிள்யூ 102 என்ற வகையில் வரும் அட்டவணைக் கழிவு, உரிமம் உள்ளவர்கள்தான் எடுக்க வேண்டும். புதிதாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் போட்டார். அது இயல்பாகச் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடாது, ஆனால் கெட்டு அதிகச் சூடானால் அதிலிருந்து வெளிவரும் வாயுவிலும் ஹைட்ரஜன் நிறைய உண்டு. அதனால் துளைகள் திறந்தேதான் இருக்க வேண்டும் என்று கதவில் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கூரைக்கு ஒரு சாண் கீழே ஹைட்ரஜன் கருவி ஒன்று வைத்து, 0.4 சதவீதத்தில், அதாவது எரியத் தொடங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கில், வரவேற்பில் மணி அடித்துச் சார்ஜரின் மின்சாரத்தையும் துண்டிக்கும்படி இணைத்தோம். மாடி அறைகளுக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டியிருக்கிறார் அண்ணன், கீழே கேஸ் அடுப்பு இருக்கும் வீட்டில் அது எப்படியும் இருக்க வேண்டியது. பக்கத்துக் கடைப் பெரியவர் தன் கடையிலும் இரண்டு பேட்டரி இருப்பதாகச் சொல்லி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். தண்ணீர் ஊற்றும் வகைதான், பின்னறையில், சாமி விளக்குக்கு நேர் கீழே. விளக்கை அன்றே முன்னறைக்கு மாற்றிவிட்டார், பேட்டரிக்குத் துளை போட இந்த வாரம் ஆள் வருகிறது.